கேபிள்மேல போட்ட பழி

இந்தத் தொழில்ல ஒண்ணு மட்டும் மாறவே மாறாது: பாட்டு நல்லாக் கேட்டா பேரு ஸ்பீக்கருக்கு, கெட்டுப்போனா பழி கேபிளுக்கு. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஆடியோ கடையில எனக்குப் பதினாறு வருச வேலை. வீட்டுக்கு வீடு போயி ஸ்பீக்கர் மாட்டணும். பாட்டை நெட்வொர்க் வழியா இழுத்து ஸ்பீக்கருக்குக் குடுக்கிற ஸ்ட்ரீமர்ங்கிற பொட்டியை வைக்கணும். ரூட்டர்ல இருந்து அதுக்குக் கேபிள் இழுக்கணும். எல்லாம் முடிஞ்ச பிறகு சோபாவுல உக்காந்து கேட்டு, "சரியா இருக்கு"ன்னு சொல்லணும். அந்தக் கடைசி வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். கேபிள் இழுக்க யாரு வேணும்னாலும் இழுக்கலாம்.

வீட்டுல பாட்டு கேக்கிற உங்களுக்கும், அதை மாட்டிக் குடுக்கிற எனக்கும் ஒரே பாடுதான். 'என்னமோ ஒண்ணு குறையுதே'ன்னு மனசு அரிச்சிக்கிட்டே இருக்கும். நீங்க கேபிளை மாத்துவீங்க, நான் செட்டிங்கை மாத்துவேன். ஒளிக்காம மொதல்லயே சொல்லிடுறேன்: எங்கிட்ட குறைஞ்சது என் காது. அது போனதை எல்லாருக்கும் கடைசியிலதான் நான் தெரிஞ்சிக்கிட்டேன். அதுக்குள்ள கிள்ளான்ல ஒரு வீட்டுல, வாய் பேச முடியாத ஒரு அம்மாவுக்கு மிச்சம் இருந்த ஒரே சந்தோசத்தை நான் கெடுத்துட்டேன். அந்தக் கதையும், நடுவுல நடந்த ஒண்ணு ரெண்டும்தான் இங்க எழுதியிருக்கிறது.

உண்மையைச் சொன்ன சனிக்கிழமை

கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு கேக்கிற கேள்வி இது: "விலை கூடின நெட்வொர்க் கேபிள் போட்டா பாட்டு நல்லாக் கேக்குமா?" எல்லாருக்கும் எங்கிட்ட ஒரே பதில்தான். கேபிள்ல ஓடுறது பாட்டு இல்ல, வெறும் நம்பர். அது முழுசாப் போய்ச் சேந்துட்டா அந்தப் பக்கம் வர்றது அதே பாட்டுதான். சேரலைன்னா பாட்டு விட்டு விட்டு வரும், இல்ல நின்னே போயிடும். மத்தபடி மந்தமாவோ, கூர்மையாவோ, இனிமையாவோ மாறி வராது. ஒழுங்கா இருக்கிற கேபிள் எல்லாம் ஒரே கேபிள்தான்.

ஒரு சனிக்கிழமை ஒரு தம்பி வந்தார், புதுசாக் கல்யாணம் ஆகி, புது வீடு வாங்கினவர். அவருக்கும் கால் மணி நேரம் இதைத்தான் விளக்கினேன். எல்லாத்துக்கும் தலையாட்டினார். அப்புறம் நேராப் போயி என் பாஸ் குமரன் முன்னால நின்னார். குமரன் என்னைவிடப் பத்து வயசு சின்னவர், ஆனா பேச்சுல பத்து கடை நடத்துவார். வெள்ளி பூசின தடிச்ச கேபிள் ஒண்ணை எடுத்து அந்தத் தம்பி கையில குடுத்து, "புடிச்சிப் பாருங்க பாஸ், வெயிட்டே சொல்லும்"னார். அவ்வளவுதான், வியாபாரம் முடிஞ்சிடுச்சி. வெளிய போறப்ப அந்தத் தம்பி என் பக்கத்துல வந்து, கொஞ்சம் கூச்சப்பட்டுக்கிட்டே சொன்னார்: "அண்ணே, நீங்க சொல்றது உண்மைதான்னு தெரியுது லா. ஆனா அதை வச்சிக்கிட்டு வீட்டுல நான் என்னத்தைக் கேக்கிறது?"

சரோஜா ஆன்டியோட குரல்

சிவலிங்கம் அங்கிள் துறைமுகத்துல முப்பது வருசம் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கிள்ளான்ல ஒரு தாமான்ல, அதான் குடியிருப்புப் பகுதியில, மூலை வீடு. பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருக்காங்க. அவர் மனைவி சரோஜா ஆன்டி, கோயில் பஜனைக் குழுவுல இருபது வருசமா முதல் அடி எடுத்துக் குடுத்துப் பாடினவங்க. போன வருசம் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சி, பேச்சும் போயிடுச்சி. இடது கை மட்டும் அசையும். புத்தி தெளிவு, காது அதைவிடத் தெளிவு. சமையல்கட்டுல கரண்டி விழுந்தா அங்கிளுக்கு முன்னால அவங்கதான் திரும்பிப் பாப்பாங்க.

அங்கிள் அந்தக் காலத்துலயே வெள்ளிக்கிழமை பஜனையை எல்லாம் ரெகார்ட் பண்ணி வச்சிருந்தார். அதை முழுக்க ஒரு ஹார்ட் டிஸ்க் பொட்டியில ஏத்தி, ஹால்ல ஆன்டி உக்காந்த எடத்துல இருந்தே கேக்கிற மாதிரி செஞ்சி குடுக்கணும்னு கடைக்கு வந்தார். "அவ குரல் அதுக்குள்ளதான்யா இருக்கு. இப்ப அவகிட்ட இல்ல"ன்னார். மறுநாளே போயி மாட்டிக் குடுத்தேன். மொதப் பாட்டுலயே ஆன்டி கண்ணுல தண்ணி. இடது கை விரல் நாற்காலிக் கைப்பிடியில தாளம் போட ஆரம்பிச்சிடுச்சி. அங்கிள் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டார். வேலைக்கு வந்ததுக்கு அன்னைக்குத்தான் மனசு நெறஞ்சி வீட்டுக்குப் போனேன்.

எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. ஸ்பீக்கரோ, கேபிளோ, எது புதுசா மாட்டினாலும் அது 'பழக' ஒரு மாசம் விடணும்னு பாஸ் சொல்லுவார். ஒரு மாசம் ஆனதும் நான் போயி, சோபாவுல உக்காந்து, என் காதால கேட்டு, செட்டிங்கைச் சரி பண்ணிட்டு வரணும். காசு வாங்கறதில்ல. கஸ்டமருங்க அதுக்கு என் பேரையே போட்டு 'மணியம் சர்வீஸ்'னு வச்சிருந்தாங்க. எனக்கும் அதுல தலைக்கனம்.

அப்படி ஒரு மாசம் கழிச்சிக் கிள்ளானுக்குப் போனேன். பஜனை ஓடிக்கிட்டிருந்துச்சி. எனக்கு என்னமோ போர்வையைப் போத்திக்கிட்டுக் கேக்கிற மாதிரி இருந்துச்சி. ஜால்ரா எங்கயோ தூரத்துல தட்டுறாங்க. பழைய ரெகார்டிங், போதாததுக்கு ஹால் பூரா தடி தடியா கர்ட்டன், அதான் இப்படின்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். போன்ல ஸ்ட்ரீமரோட ஆப்பைத் தொறந்து மேல் சத்தத்தை, அதாவது ஜால்ரா, சலங்கை மாதிரி கூர்மையா வர்றதை எல்லாம், நல்லா ஏத்தி விட்டேன். இப்பதான்டா சரின்னு தோணுச்சி. ஆன்டியோட இடது கை மெதுவா மேல எழும்பி, இடது காதைப் பொத்திக்கிட்டு நின்னுச்சி. அங்கிளுக்குச் சந்தோசம் தாங்கல: "பாத்தியா மணியம், பாடுறப்ப இப்படித்தான் காதுல கை வச்சிக்குவா! பழையபடி வந்துட்டா பாரு!"

மேரு எலி

கேபிள் உண்மையிலேயே குத்தவாளியா இருந்த கதையும் உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். மேருவுல ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை முதலாளி. அவர் வீட்டுல ஒவ்வொரு பாட்டும் பாதியில நின்னுடும். யாரோ ஒரு கூட்டாளி பேச்சைக் கேட்டு, உசத்தியான கேபிள் ஒண்ணை அவரே வாங்கி, பழைய கேபிள் பக்கத்துலயே சீலிங்குக்கு மேல இழுத்து விட்டுட்டார். ரெண்டு வாரம் நல்லா ஓடிச்சாம். அப்புறம் அதுவும் நின்னுடுச்சி. கோவத்துல கடைக்குப் போன் பண்ணிக் கத்தினார்.

நான் ஏணி போட்டுச் சீலிங்குக்குள்ள தலையை விட்டேன். ஒரே எலிப் புழுக்கை. ரெண்டு கேபிளும் ஒரே எடத்துல கொதறிக் கெடக்கு. அந்தத் துண்டுகளை வெட்டி எறக்கிக் கையில குடுத்தேன். பழசை ஒரு கையிலயும், வெள்ளி பூசினதை ஒரு கையிலயும் வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார். கோவம் எல்லாம் எறங்கிப் போயி சொன்னார்: "விலை பாக்காம ரெண்டையும் ஒரே மாதிரிதான் கடிச்சிருக்கு அண்ணே. நான் கூட்டாளிகிட்ட கேட்டதுக்குப் பதிலா இதுகிட்ட கேட்டிருக்கலாம்."

கிள்ளானுக்கு மொதக் கேபிள்

மணியம் சர்வீஸ் முடிஞ்ச மூணாவது வாரம் சிவலிங்கம் அங்கிள் போன் பண்ணினார். குரல்ல அந்தப் பழைய துள்ளல் இல்ல. "பாட்டு போட்டா அவ காதுல இருந்து கையை எடுக்கவே மாட்டேங்கிறா மணியம். ஜால்ரா வர்ற எடத்துல முகம் அப்படியே சுருங்குது. நேத்து கண்ணை மூடிக்கிட்டு அழுதா. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. கிரேன் சத்தத்துல என் காது பாதி போயி பல வருசமாச்சி"ன்னார். பாஸ் எங்கிட்ட இருந்து போனை வாங்கினார். "அங்கிள், அது நெட்வொர்க்ல வர்ற அழுக்கு. சாதா கேபிள் அதை அப்படியே உள்ள விட்டுடும்"னு ஆரம்பிச்சார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சி. ஆனா சம்பளம் குடுக்கிற மனுசன், என்ன பேசறது?

புதுக் கேபிளை எடுத்துக்கிட்டுப் போனேன். கேபிள் மாத்தினா ஸ்ட்ரீமரை ரீசெட் பண்ணி, நெட்வொர்க்ல புதுசாச் சேக்கறது எங்க முறை. ரீசெட் பண்ணினா நான் ஏத்தி வச்ச செட்டிங் எல்லாம் அழிஞ்சி, பொட்டியைப் பிரிச்ச அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிடும். அது எனக்குத் தெரியும். புதுக் கேபிள் பழகணும்ங்கிற வழக்கம்தான் இருக்கே, ஒரு மாசம் கழிச்சி வந்து திரும்ப வச்சிக்கலாம்னு அப்படியே விட்டேன். பாட்டு போட்டோம். எனக்கு மறுபடியும் போர்வைச் சத்தம். ஆனா ஆன்டி கை எறங்கி மடிக்கு வந்துச்சி. விரல் அசைஞ்சிச்சி. எனக்கு ஒண்ணும் புரியல. ஸ்ட்ரோக் வந்தவங்க, ஒரு நாளைப்போல ஒரு நாள் இருக்க மாட்டாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அங்கிள் என்னைப் பாத்துச் சிரிச்சார்: "கேபிள்ல ஒண்ணும் இல்லேன்னு கடையில சொன்னியே மணியம், இப்ப அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

ரெண்டாவது கேபிள், அப்புறம் ஒண்ணும் இல்ல

ஒரு மாசம் ஆச்சி. போனேன், உக்காந்தேன், கேட்டேன், மேல் சத்தத்தை ஏத்தினேன், வந்தேன். நீங்க இப்ப என்னைத் திட்டுறது எனக்குக் கேக்குது. ஆனா அன்னைக்கு என் காதுக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சி. பத்தே நாள்ல அங்கிள் போன். பாஸ் அதைவிடத் தடிச்ச கேபிள் ஒண்ணைக் குடுத்தனுப்பினார். ரீசெட். ஆன்டி கை எறங்குச்சி. ஒரு மாசம் வீடு நல்லா இருந்துச்சி. மறுபடியும் மணியம் சர்வீஸ், மறுபடியும் ஆன்டி கை காதுக்கு.

அங்கிள் ஒரு கணக்குப் போட்டு வச்சிருந்தார், கேபிளுக்கு ஆயுசு ஒரு மாசம்தான்னு. நான் சிரிச்சேன். கேபிள் என்ன கொத்தமல்லியா அங்கிள், வாடிப் போகன்னு கேட்டேன். மனுசன் கண்ணால பாத்ததைத்தான் சொன்னார். அந்த ஒரு மாசக் கணக்குல தப்பே இல்ல. மாசா மாசம் வந்து போற ஆளை மட்டும் அவர் கணக்குல சேக்கல, ஏன்னா அந்த ஆள்மேல அவருக்கு நம்பிக்கை. என்மேல எனக்கும் அதே நம்பிக்கை.

மூணாவது கேபிளுக்கு அவர் போன் பண்ணல. ரெண்டு வாரம் பாத்துட்டு நானே கூப்பிட்டேன். பின்னால டிவியில செய்தி வாசிக்கிற சத்தம். ஆன்டி எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். சாப்புடறதும் கொறஞ்சி போச்சி, நாள் பூரா ஜன்னலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான்னார். பாட்டு போடறீங்களான்னு கேட்டேன். "நிறுத்திட்டேன்யா. அவ குரலே அவளுக்குப் புடிக்கல. நான் என்னதான் செய்யட்டும்?"

பங்சார்ல ஒரு 'கீ'

பங்சார்ல ஒரு கொண்டோ, பத்தாவது மாடி. ஒரு லோயரம்மா. பாட்டு போட்டாலும் போடாட்டியும் 'கீ'ன்னு ஒரு சத்தம் வருது, தலைவலிக்குதுன்னு புகார். போனேன். ஹால் நடுவுல நின்னு கேட்டேன். ஏர்கோன் சத்தம் மட்டும்தான். ஸ்பீக்கர்கிட்ட போயிக் காதை ஒட்டி வச்சிக் கேட்டேன், ஒண்ணும் இல்ல. ஸ்ட்ரீமர்கிட்ட குனிஞ்சி கேட்டேன், சுத்தமா ஒண்ணும் இல்ல. "சில பேருக்கு வேலை அலுப்புல அப்படித் தோணும் மேடம்"னு வேற சொல்லித் தொலைச்சேன். அந்தம்மா மூஞ்சி செவந்து போச்சி. உங்க பாஸைக் கூப்பிடுங்கன்னாங்க.

பாஸ் வேற ஒரு வேலையா பங்சார்லயே இருந்தார், கால் மணி நேரத்துல வந்துட்டார். செருப்பைக் கழட்டிக்கிட்டிருந்தவர் அப்படியே நிமிந்தார். நேரா நெட்வொர்க் கேபிள் எல்லாம் வந்து சேர்ற சின்னப் பொட்டிகிட்டப் போயி, அதோட அடாப்டரைப் புடுங்கினார். லோயரம்மா 'அப்பாடா'ன்னு பெருமூச்சு விட்டாங்க. எனக்கு முன்னாலயும் அமைதி, பின்னாலயும் அமைதி. லிப்டுல எறங்கும்போது பாஸ் என் மூஞ்சியைப் பாக்காம, மாடி நம்பரைப் பாத்துக்கிட்டே சொன்னார்: "மணியம் அண்ணே, அது எனக்கு வாசல்லயே கேட்டுச்சி."

கண்ணாடி ரூம்பு

காது டெஸ்டுக்குப் போக எனக்கு மூணு வாரம் ஆச்சி. பயம், வேற என்ன? காது சுத்தம் பண்ணிப் பாத்தேன். எண்ணெய் விட்டுப் பாத்தேன். வீட்டுல டிவி சத்தத்தைக் கூட்டாதீங்கன்னு என் மனைவி ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தது அப்பதான் ஞாபகம் வந்துச்சி.

டெஸ்ட் எடுத்தது மகள் வயசுல ஒரு பொண்ணு. என்னைக் கண்ணாடி ரூம்புல உக்கார வச்சி, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னுச்சி. மொதல்ல கேட்டுச்சி, அமுக்கினேன். அப்புறம் ஒண்ணுமே வரல. மெஷின் கோளாறு போலன்னு கண்ணாடி வழியா அந்தப் பொண்ணைப் பாத்தேன். அது என்னைப் பாக்காம குறிச்சிக்கிட்டே இருந்துச்சி. அதைப் பாத்தவுடனே எனக்குத் தெரிஞ்சி போச்சி. என்ன வேலை செஞ்சீங்கன்னு கேட்டுச்சி. இந்தக் கடைக்கு வர்றதுக்கு முன்னால கல்யாண மண்டபம், கோயில் திருவிழான்னு பன்னெண்டு வருசம் சவுண்ட் சிஸ்டம் போட்டவன்மா, ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன்னு சொன்னேன். அந்த வயசுல அதுதான் கெத்து. அந்தப் பொண்ணு தாளைத் திருப்பிக் காமிச்சிச்சி. கோடு கொஞ்ச தூரம் நேராப் போயி, மேல் சத்தம் வர்ற எடத்துல அப்படியே பள்ளத்துல விழுந்து கெடந்துச்சி.

எனக்கு உடனே கிள்ளான் வீட்டு ஹால்தான் கண்ணு முன்னால வந்துச்சி. ஏம்மா, நான் என் காதுக்குச் சரியா இருக்கிற மாதிரி ஒரு பாட்டை வச்சேன்னு வையி, மத்தவங்களுக்கு அது எப்படிக் கேக்கும்னு கேட்டேன். பாவம், அந்தப் பொண்ணுக்கு நான் எதுக்குக் கேக்கிறேன்னு தெரியாது. சாதாரணமாத்தான் சொல்லிச்சி: "நல்ல காது உள்ளவங்களுக்கு ஊசி குத்துற மாதிரி இருக்கும் அங்கிள். எழுந்து போயிடுவாங்க."

எழுந்து போக முடியாதவங்க

பாஸ்கிட்ட சொன்னேன். அவர் கெட்டவர் இல்ல. என் தோளைப் புடிச்சிக்கிட்டு, சரி அண்ணே, மத்த வீட்டுக்காரங்க எல்லாம் அவங்களே ஆப்புல கொறைச்சிக்கிட்டு இருப்பாங்க, இனி செட்டிங் நான் பாத்துக்கிறேன், நீங்க யார்கிட்டயும் வாயைத் தொறக்காதீங்கன்னார். வித்த கேபிள் எல்லாம் திரும்பி வரும்ங்கிற பயம் அவருக்கு. எனக்கு அது எதுவும் மண்டையில ஏறல. மறுநாள் காலையில காடியை ஓட்டிக்கிட்டுக் கிள்ளானுக்குப் போனேன். வழி பூரா என்ன சொல்லணும்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டுப் போனேன். கேட்டுக்கு முன்னால நின்னப்ப எல்லாம் மறந்து போச்சி.

ஆன்டி ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தாங்க, பாதியா எளைச்சிட்டாங்க. ஸ்பீக்கர் ரெண்டுமேலயும் துணி போத்தியிருந்துச்சி. நான் உள்ள கால வச்சதும் திரும்பினாங்க. என்னைப் பாத்தாங்க. உடனே இடது கை மேல போயி இடது காதை இறுக்கிப் பொத்திக்கிச்சி. வலது காதைப் பொத்த அவங்களுக்குக் கை இல்ல. "இன்னும் பாட்டே போடலையே சரோ, அதுக்குள்ள என்ன?"ன்னார் அங்கிள். அதுக்கு மேல எனக்குத் தாங்கல. நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னேன். கேபிள் எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சி அங்கிள், என் காதுதான் போயிடுச்சி, நான் வந்து போனப்ப எல்லாம் நான்தான் கெடுத்துட்டுப் போனேன்னேன். டெஸ்ட் தாளை நீட்டினேன். அவர் வாங்கல. ஆன்டியோட கையையே பாத்துக்கிட்டு இருந்தார்.

துணியை எடுத்தேன். ஆப்பைத் தொறந்து, நான் ஏத்தினது எல்லாத்தையும் சைபருக்குக் கொண்டாந்தேன். எனக்குக் கேக்குதா இல்லையான்னு பாக்கல, நம்பரை மட்டும் பாத்தேன். பஜனையைப் போட்டேன். ஜால்ரா வந்துச்சி. ஆன்டி தோளைக் குறுக்கிக்கிட்டாங்க, அடி விழப்போகுதுன்னு பயந்த மாதிரி. விழல. கொஞ்சம் கொஞ்சமா கை காதை விட்டு எறங்குச்சி. அவங்க குரல் முதல் அடி எடுத்ததும், ஆன்டியோட உதடு கோணிக்கிட்டே அசைஞ்சிச்சி. நான் அவங்க நாற்காலிகிட்ட முட்டி போட்டு, என்னை மன்னிச்சிடுங்க ஆன்டின்னேன். அவங்க என் தலையில அந்த ஒரே கையை வச்சாங்க. நான் அழுதேன், சொல்ல வெக்கமா இல்ல.

அங்கிள் சமையல்கட்டுக்குள்ள போயிட்டார். ரொம்ப நேரம் கொழாய்த் தண்ணி ஓடுற சத்தம். திரும்பி வந்தப்ப முகமெல்லாம் ஈரம். என்னை அடிச்சிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேன், ஆனா அவர் என்மேல ஒரு வார்த்தை கோவப்படல. ஆன்டிக்குப் பின்னால, அவங்க கண்ணுக்குப் படாத எடத்துல நின்னுக்கிட்டு, மெல்லச் சொன்னார்: "நீ மன்னிப்பு கேட்டுட்டே மணியம். அவ காதைப் பொத்தினப்ப எல்லாம், 'உனக்கு நன்றியே இல்லடி, எதைச் செஞ்சாலும் புடிக்காதா'ன்னு அவளைத் திட்டினவன் நான். நான் என்னான்னு போயிக் கேக்கிறது?"

இப்போ நான் எந்த வீட்டுக்கும் போறதில்ல, கடையில உக்காந்து நெட்வொர்க் கேபிள் மட்டும்தான் விக்கிறேன், அதுக்குக் காது தேவைப்படாதுன்னு பாஸே சொல்லிட்டார்.